தன் குரலும் கேட்காத அறை

லினக்ஸ் கணினி ஒன்று கையில் இருந்தால் ஒரு வேடிக்கை செய்து பார்க்கலாம். ரூட் உரிமையோடு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் புதிதாக ஒரு நெட்வொர்க் பெயர்வெளியை உருவாக்கித் தரும். அதற்குள் நுழைந்து 127.0.0.1 என்ற முகவரிக்கு பிங் அடித்துப் பாருங்கள். கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி அது. வைஃபை இல்லாவிட்டாலும், கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் அங்கிருந்து பதில் வரும் என்றுதான் எல்லோரும் நம்புவோம். இங்கே வராது. நெட்வொர்க்கை அடைய வழியில்லை என்று ஒரு வரி மட்டும் திரையில் விழும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். எதுவும் கெட்டிருக்கவில்லை. புதுப் பெயர்வெளி பிறக்கும்போது அதில் கணினி தன்னைத்தானே கூப்பிட உதவும் லூப்பேக் இடைமுகம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் அணைந்த நிலையில். வழித்தட அட்டவணை காலி. ஃபயர்வால் விதிகள் காலி. திறந்த போர்ட்கள் எதுவும் கிடையாது. அதே கணினியில், அதே நொடியில், பக்கத்து ஜன்னலில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். வன்பொருள் ஒன்று, கெர்னல் ஒன்று. ஆனால் பெயர்வெளி என்ற இந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நிரலை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. போவதற்கு அதற்கு ஒரு வழியும் போடப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காலி அறைக்குள் ஒரு விபிஎன்னை மட்டும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு முன் விபிஎன் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிடுவோம்.

விபிஎன் என்றதும் சாவி, பூட்டு, குறியாக்கம் என்றுதான் மனம் போகும். விளம்பரங்களும் அதைத்தான் காட்டுகின்றன. உண்மையில் அந்தப் பகுதி கெட்டியாகத்தான் இருக்கிறது. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் பயன்படுத்தும் கர்வ்25519, சாச்சா20 போன்ற முறைகளை நடைமுறையில் உடைத்துக் காட்டியவர் யாரும் இல்லை. ஒழுகுவது வேறோர் இடம். பொட்டலம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் இடம்.

விபிஎன் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது கணினியில் பொய்யாக ஒரு நெட்வொர்க் இடைமுகத்தை உருவாக்குகிறது. அதற்குள் விழும் ஒவ்வொரு பொட்டலத்தையும் குறியாக்கம் செய்து, இன்னொரு பொட்டலத்துக்குள் போட்டு, விபிஎன் சர்வரின் முகவரியை மேலே எழுதி, உண்மையான வைஃபை வழியாக வெளியே அனுப்புகிறது. உறைக்குள் உறை; இதைத்தான் சுரங்கம் என்கிறார்கள். உள்ளுறையில் நீங்கள் போகும் இடம், வெளியுறையில் விபிஎன் சர்வர். வெளியுறைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா? வழக்கமான 1500 பைட் பொட்டலத்தில், ஐபிவி6 தலைப்புக்கு 40, யூடிபிக்கு 8, வயர்கார்டின் சொந்தக் கணக்குக்கு 32 என 80 பைட் போய்விடும். வயர்கார்டு இடைமுகம் 1420 என்ற விநோத எண்ணைக் காட்டுவது அதனால்தான்.

பொட்டலம் அந்தப் பொய் இடைமுகத்துக்குள் விழுந்தால்தான் இத்தனையும் நடக்கும். விழச் செய்வது யார்? கெர்னலின் வழித்தட அட்டவணை.

அந்த அட்டவணையைப் புரிந்துகொள்ளத் தபால் பிரிக்கும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கோடு 6-இல் தொடங்கும் கடிதமெல்லாம் ஒரு பை. 625-இல் தொடங்குவது மதுரைப் பை. 625001 என்று முழுசாக எழுதிய சீட்டு ஒட்டிய பை தனியாக இருந்தால், அந்தக் கடிதம் அதில்தான் விழும். எந்தச் சீட்டில் அதிக இலக்கங்கள் பொருந்துகின்றனவோ அதற்கே முதலிடம். ஐபி முகவரியிலும் இதே விதிதான். இலக்கங்களுக்குப் பதிலாக இருமத் துண்டுகளை, அதாவது பிட்களை எண்ணுகிறார்கள்.

ஜேம்ஸ் யோனன் 2001-இல் வெளியிட்ட ஓபன்விபிஎன் என்ற மென்பொருளில் இந்த விதியை வைத்து ஒரு சாமர்த்தியம் செய்திருப்பார்கள். கணினியில் ஏற்கெனவே 'எதுவும் பொருந்தாவிட்டால் வீட்டு ரவுட்டருக்கு அனுப்பு' என்று ஒரு வழி இருக்கும். அதன் நீளம் பூஜ்ஜியம் பிட். அதை அழித்துவிட்டால் விபிஎன்னை மூடும்போது திரும்ப எழுதுவது தொல்லை. அதனால் அதைத் தொடாமல், ஐபிவி4 முகவரிப் பரப்பை நடுவில் வெட்டி, 0-இல் தொடங்கும் பாதிக்கு ஒரு வழி, 1-இல் தொடங்கும் பாதிக்கு இன்னொரு வழி என்று இரண்டு சீட்டு ஒட்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரு பிட் நீளம். பூஜ்ஜியத்தை ஒன்று ஜெயித்துவிடும். எல்லாப் பொட்டலமும் சுரங்கத்துக்குள். கூடவே விபிஎன் சர்வரின் முகவரிக்கு மட்டும் 32 பிட்டும் பொருந்தும் தனிச் சீட்டு. அது இல்லாவிட்டால் வெளியுறையும் சுரங்கத்துக்குள்ளேயே விழுந்து, பாம்பு தன் வாலை விழுங்கிய கதையாகிவிடும்.

அழகான ஒட்டுவேலை. ஆனால் ஒட்டுவேலைதான். ஒரு பிட் நீளமான சீட்டால் நீங்கள் ஜெயித்தால், இரண்டு பிட் நீளமான சீட்டோடு வருபவர் உங்களை ஜெயித்துவிடுவார்.

2024 மே மாதம் லெவியதன் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டது இதைத்தான். டனல்விஷன் என்று பெயர் வைத்தார்கள். சிவிஇ-2024-3661 என்ற எண் கிடைத்தது. கஃபேயிலோ ஓட்டலிலோ வைஃபையில் சேரும்போது, டிஹெச்சிபி என்ற ஏற்பாட்டின் மூலம் உங்கள் கணினிக்கு முகவரியும் ரவுட்டரின் விலாசமும் கிடைக்கின்றன. அந்த டிஹெச்சிபியில் 121 என்று எண்ணிட்ட ஒரு விருப்ப வசதி உண்டு. 2002-இல் தரநிலையான அது, 'இன்னின்ன முகவரிகளுக்கு இன்ன வழியாகப் போ' என்று கூடுதல் சீட்டுகளைக் கணினிக்குக் கொடுக்கும். பல ரவுட்டர்கள் உள்ள அலுவலகங்களுக்குப் பயன்படும் நல்ல வசதி. அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தானே டிஹெச்சிபி சர்வர் வேடம் போட்டு, விபிஎன்னின் சீட்டைவிட நீளமான சீட்டை உங்கள் கணினியிடம் நீட்டினால்? கணினி மரியாதையாக வாங்கி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் உங்கள் பொட்டலங்கள் சுரங்கத்தின் வாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் கைக்குப் போகும்.

இதில் எந்தப் பூட்டும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். சுரங்கம் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே ஆளில்லை. விபிஎன் செயலி சர்வரோடு பேசிக்கொண்டே இருப்பதால் 'இணைப்பு உள்ளது' என்று பச்சை விளக்கும் எரியும். பயனர் பார்க்கும் பக்கங்கள் ஹெச்டிடிபிஎஸ் ஆக இருந்தால் உள்ளடக்கம் தப்பும். ஆனால் யாரோடு பேசுகிறார் என்பது வெட்டவெளிச்சம். அதை மறைக்கத்தானே பலர் விபிஎன்னுக்குக் காசு கட்டுகிறார்கள்? (ஆண்ட்ராய்டு தப்பித்தது. கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, 121-ஆம் வசதியை அது செய்யவே இல்லை. செய்யாமல் விட்ட வேலை காப்பாற்றுவது கணினி உலகில் அபூர்வமும் இல்லை.)

சுரங்கத்துக்கு வெளியே போகும் எதையும் வெட்டு என்று ஃபயர்வாலில் விதி எழுதலாமே என்று தோன்றும். எழுதலாம், பலர் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பொட்டலம் எதிரியிடம் போகாது, செத்துப்போகும். ஆனால் எதிரி ஒவ்வொரு முகவரியாகச் சீட்டு ஒட்டிப் பார்த்து, எந்த முகவரிக்கு ஒட்டும்போது சுரங்கத்தின் போக்குவரத்து குறைகிறது என்று கவனித்தால், நீங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதை ஊகிக்கலாம். பொட்டலம் சாவதுகூட ஒரு செய்தியாகிவிடுகிறது. லினக்ஸைப் பொறுத்தவரை அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய முழுத் தீர்வு, நாம் தொடக்கத்தில் பார்த்த அந்த அறைதான்.

பெயர்வெளி என்ற சொல் நெட்வொர்க்குக்குப் பொருத்தமாகவே இல்லை. அதற்குக் காரணம் அதன் பிறப்பு. யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், ராப் பைக் முதலியோர் 1980-களின் பிற்பகுதியில் பிளான் 9 என்ற இயங்குதளத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அதில் எல்லாமே கோப்பு. எந்தக் கோப்பு எந்தப் பெயரில் தெரியும் என்பது ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி. உனக்குத் தெரியும் மரம் வேறு, எனக்குத் தெரியும் மரம் வேறு. நெட்வொர்க்கும் 'நெட்' என்ற அடைவாகத்தான் தெரியும். அதனால் தூரத்தில் இருக்கும் வாசல் கணினியின் நெட் அடைவை இழுத்து வந்து உங்கள் அடைவின்மேல் போர்த்திவிட்டால், அந்த நொடியிலிருந்து உங்கள் நிரல் அந்தக் கணினியின் நெட்வொர்க்கில் இருக்கும். விபிஎன்னும் பெயர்வெளியும் அங்கே ஒரே வேலையின் இரண்டு பெயர்கள். நாம் முப்பது ஆண்டு சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம் என்று சொன்னால் பிளான் 9 ரசிகர்கள் மகிழ்வார்கள். அந்த ரசிகர்கள் எண்ணிக்கையில் குறைவு, குரலில் குறைவில்லை.

லினக்ஸ் இந்த எண்ணத்தை 2002-இல் கோப்பு மரங்களுக்கு மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்கான கொடிக்கு வெறுமனே 'புதுப் பெயர்வெளி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். வேறு வகைப் பெயர்வெளிகள் வரும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் வந்தவை ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. நெட்வொர்க் பெயர்வெளி 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்பில் தலைகாட்டியது. அது ஓரளவு முழுமையடைய 2.6.29 வரை ஆனது. எரிக் பீடர்மன் போன்றோர் செய்த அந்த வேலையில் கவர்ச்சியே கிடையாது. கெர்னலின் நெட்வொர்க் நிரல் முழுக்க, உலகத்தில் ஒரே ஒரு வழித்தட அட்டவணைதான் உண்டு என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பொது மாறியையும் தேடிப்பிடித்து, 'எந்த அறையின் அட்டவணை?' என்று கேட்க வைக்க வேண்டும். பிறகு கண்டெய்னர் என்னும் தனிப்பெட்டிகளில் நிரல்களை ஓட்டும் டாக்கரும் குபர்னெட்டிஸும் அந்த உழைப்பின்மேல்தான் உட்கார்ந்தன. இன்று ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்கள் ஆளுக்கொரு 80-ஆம் போர்ட்டை வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் இருப்பது அதனால்தான்.

சரி, காலி அறைக்குள் இணையத்தை எப்படிக் கொண்டுவருவது? வழக்கமான முறை வீத் என்னும் ஜோடி இடைமுகம். இரண்டு முனையுள்ள கற்பனைக் கேபிள் அது. ஒரு முனையை அறைக்குள் தள்ளி, மறுமுனையை வெளியே வைத்து, நடுவில் முகவரி மாற்றம் செய்துகொள்வது. கண்டெய்னர்களுக்கு இது போதும். ரகசியம் காக்க வேண்டிய இடத்தில் எனக்கு இது பிடிப்பதில்லை. அறையிலிருந்து வெளியே ஒரு கேபிள் போய்விட்டால், அதில் எது போகலாம் எது கூடாது என்று மறுபடியும் விதி எழுத வேண்டியதுதான். கதவை வைத்துவிட்டுக் காவல்காரரைத் தேடுகிற கதை.

வயர்கார்டை எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்ட் இந்த இடத்தில் செய்தது எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்புகளில் ஒன்று. 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2020 மார்ச்சில் 5.6 பதிப்போடு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துகொண்ட மென்பொருள் இது. ஏறக்குறைய நாலாயிரம் வரிகள்தான். லினக்ஸை உருவாக்கிய, பாராட்டுவதில் கஞ்சரான லினஸ் டோர்வால்ட்ஸ்கூட 2018-இல் மனம் திறந்து புகழ்ந்தார். அதில் உள்ள விதி இது: வயர்கார்டு இடைமுகம் எந்தப் பெயர்வெளியில் பிறந்ததோ, குறியாக்கம் செய்த வெளியுறை அந்தப் பெயர்வெளி வழியாகவே போகும், இடைமுகத்தைப் பிறகு எங்கே கொண்டுபோய் வைத்தாலும் சரி.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெளியே, வைஃபை இருக்கும் சாதாரணப் பெயர்வெளியில் வயர்கார்டு இடைமுகத்தை உருவாக்குகிறோம். சாவிகளைக் கொடுக்கிறோம். பிறகு அதைத் தூக்கிக் காலி அறைக்குள் போடுகிறோம். அறைக்குள் இப்போது இரண்டே பொருள்கள்: லூப்பேக், வயர்கார்டு. அறையின் வழித்தட அட்டவணையில் ஒரே சீட்டு: எல்லாம் வயர்கார்டுக்குள். பாதியாக வெட்டும் சாமர்த்தியம் தேவையில்லை. சர்வருக்குத் தனிச்சீட்டு தேவையில்லை. வெளியுறை இந்த அட்டவணையைத் தொடுவதே கிடையாது. பாம்பின் வால் வேறு அறையில் இருக்கிறது. வயர்கார்டை நிறுத்தினால் உள்ளே இருக்கும் நிரல் வேறு வழி தேடாது. வேறு வழி என்று ஒன்று இல்லை.

இப்போது கஃபேயில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் 121-ஆம் வசதியோடு வரட்டும். டிஹெச்சிபி வெளி அறையில் ஓடுகிறது. அவர் கொடுக்கும் சீட்டுகள் வெளி அறையின் அட்டவணையில் ஒட்டப்படும். அவர் திருப்பிவிடக் கூடியது வெளியுறைகளை மட்டும். அவற்றில் இருப்பது விபிஎன் சர்வரின் முகவரி ஒன்றே. தடுக்கலாம், தாமதப்படுத்தலாம். ஆனால் எல்லாப் பொட்டலமும் ஒரே முகத்தோடு போவதால் இந்த முகவரியா அந்த முகவரியா என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கும் விளையாட்டு பலிக்காது.

ஓபன்விபிஎன்னிலும் கிட்டத்தட்ட இதைச் செய்யலாம். நிரல் வெளி அறையில் ஓடும், டன் எனப்படும் அதன் பொய் இடைமுகத்தை மட்டும் உள்ளே தள்ள வேண்டும். ஒரு விஷயத்தில் நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன்: இடைமுகம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாறும்போது கெர்னல் அதை அணைத்து, அதன் ஐபி முகவரியையும் அழித்துவிடும். ஊர் மாறினால் பழைய கதவிலக்கம் எதற்கு என்ற நியாயம்தான். முகவரியைக் கொடுத்துவிட்டுத் தள்ளுபவர்கள், தள்ளியபின் வெறும் இடைமுகத்தைப் பார்த்து விழிப்பார்கள்.

இன்னொரு பயன் உண்டு, ரகசியத்தோடு சம்பந்தமில்லாதது. ஒரே நாளில் இரண்டு வாடிக்கையாளர்களின் உள் நெட்வொர்க்குகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்: இரண்டு இடத்திலும் முக்கியமான சர்வர் 192.168.1.10. தனியார் முகவரிகள் எல்லோருக்கும் பொது என்பதால் வரும் வினை. ஒரே அட்டவணையில் இரண்டு விபிஎன்னையும் ஏற்றினால் அந்த முகவரிக்குப் போகும் பொட்டலம் எந்த வாடிக்கையாளரிடம் போய் நிற்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கும். இரண்டு அறை, இரண்டு சுரங்கம், இரண்டு டெர்மினல் ஜன்னல் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. என் அனுபவத்தில் பெயர்வெளியைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சிதான், ஒளிந்துகொள்ளும் கட்சி அல்ல.

ஏற்பாட்டைத் தலைகீழாகவும் செய்யலாம். வைஃபை அட்டையை ஒரு தனி அறைக்குள் தள்ளி, டிஹெச்சிபியையும் வைஃபை கடவுச்சொல் பேசும் நிரலையும் அதோடு அனுப்பி, வயர்கார்டை அங்கே பிறக்கவைத்து, அதை மட்டும் வீட்டின் கூடத்துக்கு, அதாவது சாதாரணப் பெயர்வெளிக்குக் கொண்டுவந்துவிடுவது. இப்போது கணினியில் எந்த நிரலைத் திறந்தாலும் அதற்குத் தெரியும் ஒரே நெட்வொர்க் சுரங்கம்தான். ஒவ்வொரு நிரலையும் அறைக்குள் கூட்டிப்போக மறந்துவிடும் ஆபத்து இல்லை. கஃபேயின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்க ஒரு பிரௌசரை அந்தத் தனி அறைக்குள் அனுப்ப வேண்டியிருக்கும், அந்தத் தொந்தரவு உண்டு. வைஃபை அட்டையை நகர்த்த வேறு கட்டளை என்பதும் ஒரு சில்லறைத் தொந்தரவு.

இவ்வளவு செய்தும் ஒழுகிய இடங்களைச் சொல்லாமல் விட்டால் இந்த அத்தியாயம் விளம்பரமாகிவிடும்.

ஒருமுறை அறைக்குள்ளிருந்து பிரௌசரைத் திறந்து, என் ஐபி முகவரி என்ன என்று பார்த்தேன். வீட்டு இணைப்பின் முகவரியே வந்து நின்றது. கட்டளைகளை மூன்று தடவை சரிபார்த்தேன்; அறையில் குறையில்லை. நடந்தது இது: வெளியே ஏற்கெனவே அதே பிரௌசர் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் பிறந்த பிரௌசர், 'அண்ணன் ஏற்கெனவே இருக்கிறாரே' என்று அவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுத் தான் விலகிக்கொண்டது. நான் பார்த்த ஜன்னல் அண்ணனுடையது. தனி புரொஃபைல் கொடுத்துத் திறந்த பிறகுதான் முகவரி மாறியது.

இந்தப் பேச்சு எப்படி அறையைத் தாண்டியது? நெட்வொர்க் பெயர்வெளி பிரிப்பது நெட்வொர்க்கை மட்டும். ஒரே கணினியில் உள்ள நிரல்கள் யூனிக்ஸ் சாக்கெட் என்ற இன்னொரு வழியிலும் பேசிக்கொள்ளும். அதில் பெரும்பாலானவை கோப்புகளாக வட்டில் தெரிகின்றன. கோப்பு மரம் இரண்டு அறைக்கும் பொது. சுவர் தரையிலிருந்து எழுகிறது, ஆனால் பரண் இரண்டு அறைக்கும் ஒன்றுதான்.

பிரௌசர் விஷயம் சிரிப்போடு போயிற்று. டிஎன்எஸ் அப்படியல்ல. இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அந்த வேலையைப் பல லினக்ஸ் கணினிகளில் என்எஸ்சிடி, சிஸ்டம்டி-ரிசால்வ்டு போன்ற பின்னணி நிரல்கள் கவனிக்கின்றன. அவற்றோடு பேசுவதும் இந்தப் பரண் வழியாகத்தான். அறைக்குள் இருக்கும் நிரல் பரண் வழியாகக் கேட்கும்; வெளி அறையில் இருக்கும் பின்னணி நிரல் தன் வழியில், அதாவது கஃபே ரவுட்டரிடம், விசாரிக்கும். பக்கம் பத்திரமாகச் சுரங்கத்தில் வரும், அதன் பெயர் மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அறைக்கென்று தனி டிஎன்எஸ் அமைப்புக் கோப்பு வைக்க வசதி உண்டுதான். ஆனால் நிரல் முதலில் பரணைத் தட்டிவிட்டால் அந்தக் கோப்பைப் புரட்டவே மாட்டாது. அந்தச் சாக்கெட் கோப்பு உள்ளே தெரியாதபடி மறைக்க வேண்டும். அதற்கு வேண்டியது 2002-இல் வந்த அந்த முதல் பெயர்வெளி. அறைக்குள் ஓடும் நிரலுக்கு ரூட் உரிமை இருக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. ரூட்டாக இருப்பவர் கெர்னலிடம் கேட்டு முதல் நிரலின் பெயர்வெளிக்கே எழுந்து போய்விடலாம்.

அறையை இடிக்கும்போது என்ன ஆகும்? பெயர்வெளிக்குள் இருந்த கடைசி நிரலும் போய், அதைப் பிடித்துவைத்திருந்த கோப்பும் நீக்கப்பட்டால், கெர்னல் அதைக் கலைக்கிறது. உள்ளே வைஃபை அட்டை போன்ற நிஜப் பொருள் இருந்தால் அது கணினியின் தொடக்க நெட்வொர்க் பெயர்வெளிக்குத் திரும்பிவிடும். கற்பனை இடைமுகங்கள் அறையோடு போய்விடும். வயர்கார்டில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. அது தன் பிறந்த அறையை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதால், வேறு அறைக்கு மாறிய இடைமுகம் பிறந்த அறையைச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு அறைகளில் பிறந்த இரண்டு இடைமுகங்கள் இடம் மாறிக்கொண்டால், அதனைச் சாகவிடாமல் இது, இதனைச் சாகவிடாமல் அது. இரண்டு அறையும் நிரந்தரம். 2020-இல் டோனன்ஃபெல்ட் அந்தப் பிடியை எடுத்துவிட்டார். இப்போது பிறந்த அறை அழிந்தால் வயர்கார்டு அதைத் தடுப்பதில்லை. இடைமுகம் பட்டியலில் அப்படியே நிற்கும். சாவி இருக்கும், முகவரி இருக்கும், வழித்தடம் இருக்கும். வெளியே பேசும் சாக்கெட் மட்டும் இருக்காது. அதற்குள் விழும் பொட்டலம் எங்கேயும் போகாது.